இரு கை ஈட்டிக்காரர்

ஒரு சின்னப் பெயர் ரஞ்சனாவைப் பாடாய்ப் படுத்தியது.

அவளுடைய பிரெஞ்சுப் பள்ளி வகுப்பில் ஒவ்வொருவரும் பழைய காலத்து விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும். அவள் எடுத்துக்கொண்டது பின்லாந்து நாட்டு ஈட்டி எறிதல் வீரரை. வெள்ளிக்கிழமை அவளுடைய முறை.

"ஜூவோ சாரிஸ்டோ..." என்று வீட்டில் சொல்லிப் பார்த்தாள்.

பாண் ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். "ஜூவோவோ, ஜூகோவோ?"

"தெரியேல்லை அப்பா. பிழையாச் சொன்னா அவருக்குக் கவலையா இருக்காதோ?"

"அவர் இப்ப உயிரோட இல்லைத்தானே பிள்ளை."

"எண்டாலும் அது அவற்ற பேர்தானே."

அப்போதுதான் அவளுக்குக் கடைசி வரிசைப் பெண்ணின் நினைவு வந்தது. பனிக்காலத் தொடக்கத்தில் பின்லாந்திலிருந்து வந்தவள். எல்லோரும் அவளை "ஏனோ" என்று கூப்பிட்டார்கள். தமிழில் அதற்கு என்ன பொருள் என்று ரஞ்சனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

வந்த புதிதில் அவள் பிரெஞ்சில் ஏதோ சொல்ல, இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அதன்பிறகு அவள் வாயே திறக்கவில்லை.

மறுநாள் இடைவேளையில் ரஞ்சனா அந்தப் பெயரை அவளிடம் எழுதிக் காட்டினாள்.

அவள் முகம் மலர்ந்தது. "யுஹோ," என்றாள் மெதுவாக. "யுஹோ சாரிஸ்டோ."

ரஞ்சனா திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். சட்டென்று ஒரு சந்தேகம் வந்தது. "உன் பெயரையாவது நாங்கள் சரியாகச் சொல்கிறோமா?"

அந்தப் பெண் இல்லை என்று தலையசைத்தாள். "ஐனோ."

"ஏன் இத்தனை நாளும் சொல்லவில்லை?"

"சிரிப்பார்கள்."

ரஞ்சனா யோசித்தாள். "வெள்ளிக்கிழமை என்னோடு முன்னால் வருவாயா? நீ பேச வேண்டாம். நான் பேசுகிறேன், நீ எறிந்து காட்டு."

செலீன் ஆசிரியையும் சம்மதித்தார்.

வெள்ளிக்கிழமை ரஞ்சனா சொன்னாள்: "1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் யுஹோ ஈட்டி எறிதலில் வெள்ளி வென்றார். அந்த முறை இன்னொரு போட்டியும் இருந்தது. வலது கையாலும் எறிய வேண்டும், இடது கையாலும் எறிய வேண்டும். இரண்டு தூரத்தையும் கூட்டுவார்கள். அதில் அவருக்குத் தங்கம். எட்டு வருடம் கழித்தும் ஒலிம்பிக்கில் எறிந்தார். நான்காவதாக வந்தார்."

ஐனோ ஒரு பெரிய தாளை ஈட்டி போலச் சுருட்டி வைத்திருந்தாள். வலது கையால் எறிந்தாள். அது பின்சுவரைத் தொட்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு இடது கையால் எறிந்தாள். ஈட்டி வளைந்து போய் ஆசிரியையின் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்தது. வகுப்பே சிரித்தது.

ஐனோவின் முகம் சிவந்தது. ரஞ்சனா நினைத்தாள்: நான் அல்லவா இவளைக் கூட்டி வந்தேன்?

அவள் ஓடிப்போய் ஈட்டியை எடுத்து, தன் இடது கையால் ஓங்கி எறிந்தாள். அது முன்னால் போகவே இல்லை. அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்தது.

முதலில் சிரித்தவள் ஐனோதான். சிரித்தபடியே ஈட்டியை எடுத்தாள்.

"இதென்ன பெரிய வேலையா? எனக்குக் கொடு, ஏனோ," என்று எழுந்து வந்தான் கிறகரி.

அவள் ஈட்டியைக் கொடுக்கவில்லை. "ஐனோ," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஐனோ," என்றான் கிறகரி. "சரி, எனக்கும் காட்டு."

அவன் எறிந்த ஈட்டி அவன் காலிலேயே விழுந்தது. அதற்குள் அவனுக்குப் பின்னால் ஒரு வரிசை சேர்ந்துவிட்டது. செலீன் ஆசிரியையும் கோப்பையைத் துடைத்து வைத்துவிட்டு அதில் வந்து நின்றார்.

ஐனோ கிறகரியின் முழங்கையைப் பிடித்து உயர்த்தினாள். "இன்னும் மேலே," என்றாள் பிரெஞ்சில். "பயப்படாதே, எறி."