சிரஞ்சீவிப் பலகை

ஆய்வகத் தலைவர் அங்கயற்கண்ணி எந்த மின்சுற்றுப் பயிற்சிப் பலகையையும் விற்பவர் சொல்லை நம்பி வாங்குபவர் அல்லர். மேசையிலிருந்து கீழே தள்ளுவார்; அதன்மேல் தேநீரைச் சிந்துவார்; கம்பிகளை வேண்டுமென்றே இடம் மாற்றிச் செருகுவார். அதன் பின்னரும் விளக்கு எரிந்தால்தான் அது பொறியியல் மாணவர் கைக்குப் போகும்.

எல்லாச் சோதனையிலும் தேறியது ஒரே வகைதான். மாணவர் அதனைச் சிரஞ்சீவி என்றழைத்தனர். எந்த முனையில் எந்தக் கம்பியைச் செருகினாலும், அது தன்னுள்ளேயே பாதைகளைத் திருப்பிப் பிழையை நேராக்கிக்கொள்ளும், யாரிடமும் சொல்லாது. விளக்கு எரியும்; மதிப்பெண் விழும். கருகல் நாற்றம் இன்னதென்றே அறியாதவர்கள் ஆண்டுதோறும் பட்டம் பெற்று வெளியேறினர்.

அவர்களுள் தேவசகாயம் என்பவன், மின்கலத் தொழிற்சாலை ஒன்றில் கம்பிகளை மாற்றிப் பூட்டி, வலக்கையை இழந்தான். மருத்துவமனைக்குச் சென்ற அங்கயற்கண்ணியிடம் அவன் குறைபட்டுக்கொள்ளவில்லை. வகுப்பில் எப்போதும் கொடுத்த இணைப்பையே அங்கும் கொடுத்ததாக மட்டும் சொன்னான்.

இவ்வாண்டு இறுதியாண்டினர் அதே தொழிற்சாலைக்குப் பயிற்சிக்குச் செல்லவிருந்தனர். அதற்குள், தவறினால் கருகிப்போகும் எளிய பலகைகளை வாங்கித் தரும்படி அவர் கல்லூரி முதல்வரிடம் கேட்டார்.

முதல்வர் சிரித்தார். "ஏனுங்க மேடம், உடையாத போர்டுதான் வேணும்னு எங்கிட்ட சண்ட போட்டு வாங்குனதே நீங்கதானுங்களே? இத்தன வருசத்துல ஒரு போர்டாவது போயிருக்குங்களா?"

"போர்டு போகலீங்க சார். பையன் கைதான் போச்சு."

முதல்வர், மாதிரிக்கு வந்திருந்த எளிய பலகைகளை ஆசிரியர்கள் முன்னிலையில் இயக்கிக் காட்டுமாறு பணித்தார்.

மறுநாள் அங்கயற்கண்ணி, முதலில் பிழையற்ற இணைப்பைக் காட்டுவதாகக் கூறி, கம்பிகளைச் செருகி மின்சாரம் பாய்ச்சினார். பலகை படக்கென்றது. புகை எழுந்தது.

"தப்பா மாட்டுனா என்னாகும்னு காட்டறீங்களாக்கும்," என்றார், சிரஞ்சீவியிலேயே படித்து அதே கல்லூரியில் ஆசிரியரான மகுடபதி.

அங்கயற்கண்ணி இன்னொரு பலகையை மகுடபதியிடம் நீட்டி, சரியாக இணைக்கும்படி கேட்டுக்கொண்டார். அதுவும் கருகியது. மூன்றாவது பலகையை மேசையின் நடுவே வைத்தார். ஆசிரியர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். எவரும் கை நீட்டவில்லை. தவறாக இணைக்க எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சரியாக இணைத்தோமா என்பதை இத்தனை ஆண்டுகளில் அறிந்துகொள்ள வழியே இருக்கவில்லை.

அங்கயற்கண்ணி மின்சாரத்தை நிறுத்தினார்.

"பசங்கள இப்போதைக்குப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டாமுங்க," என்றார் முதல்வரிடம். "இந்தப் போர்டுல ஒரு பெட்டி வாங்கிக் கொடுங்க. மொதல்ல நாங்க படிச்சுக்கறோம்."