வர்றேன், நீ போ

மலையடிவாரத்தில் காரை நிறுத்தியதும் மகள் இறங்கி வந்து என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கண்ணாடிச் சாமானை இறக்குகிற மாதிரி என் முழங்கையைப் பிடித்தாள். எனக்கு எரிச்சலாக வந்தது.

"விடுடி. கால் மூட்டைத்தான் மாத்தியிருக்காங்க, ஆளை மாத்தல."

"மாத்தியிருந்தா எவ்வளவோ தேவலை," என்றாள்.

வலது முழங்காலில் உலோக மூட்டு வைத்துப் பதினான்கு மாதம் ஆகிறது. அழுது, பல்லைக் கடித்து, நடைபயிற்சி தந்த பெண்ணைத் திட்டித் தீர்த்து, எப்படியோ நடக்கிறேன். இவ்வளவு பாடும் உச்சிக்குப் போவதற்காக இல்லை. பாதி வழியில், இரண்டாவது வளைவில் திரும்பி, முப்பது படி கீழே இறங்குவதற்காக.

மூன்று வருடத்துக்கு முன் அதைத்தான் நான் செய்யவில்லை.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். வாரமெல்லாம் ஊரை ஏற்றி இறக்கிவிட்டு, விடுமுறை நாளில் சொந்தக் காலால் மலை ஏறுவார். நான் முன்னால், அவர் பின்னால். மூடுபனி இறங்கிவிட்டால் ஆள் தெரியாது. நான் "வர்றீங்களா?" என்பேன். அவர் "வர்றேன், நீ போ" என்பார். அன்று இரண்டாவது வளைவில் நின்று நான் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னார். குரல் மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. எனக்கோ மூட்டுவலியில் உயிர் போயிற்று. திரும்பி இறங்கினால் மறுபடி ஏற வேண்டுமே என்று அலுப்பு. அதுதான் வர்றேன் என்கிறாரே! வலது காலை இழுத்துக்கொண்டு மேலே போய்விட்டேன். எங்களுக்குப் பின்னால் ஏறி வந்தவர்கள்தான் அவரைப் பார்த்தார்கள். பாறையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போயிருந்தார்.

அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்தியவள் நான். ஒரு கொம்பு, ஒரு கால் விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன். வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களும் 'வர்றேன்' என்றுதானே சொல்கிறார்கள்? அது அன்றைக்கு என் மண்டையில் உறைக்கவில்லை.

மூன்று மணி சுமாருக்கு இரண்டாவது வளைவை அடைந்தோம். அதற்குள் பனி மரங்களை விழுங்கிவிட்டிருந்தது.

"நானும் கூட வர்றேம்மா."

"வேண்டாம். இங்கயே நில்லு. பத்து நிமிஷம்."

"வழுக்கும்மா."

"வழுக்கினா கத்தறேன். போதுமா?"

கைத்தடிகளை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினேன். ஈர இலைகளின் வாசனை. அதற்கு நடுவே, எங்கிருந்தோ, கிரீஸ் வாசனை. அவர் சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் போகாத அதே வாசனை.

பாறை காலியாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் வந்துட்டேங்க," என்றேன். அதற்குமேல் முடியாமல் அழுதேன்.

அப்போதுதான் மேலேயிருந்து அந்தக் குரல் வந்தது.

"வர்றீங்களா?"

மகள் என்று நினைத்தேன். ஆனால் அவள் என்னை நீ, வா, போ என்றுதான் பேசுவாள்.

அது என் குரல்.

சலிப்பும் மூச்சிரைப்புமாக, அன்றைக்கு நான் கேட்ட அதே கேள்வி. தொடர்ந்து காலடிச் சத்தம். ஒன்று அழுத்தமாக, அடுத்தது இழுபட்டு. மறுபடி அழுத்தமாக, மறுபடி இழுபட்டு.

இப்போது நான் கால் இழுப்பதில்லை.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். பதில் வராவிட்டால் மேலே போகிறவள், அன்றைய நான், பயந்து திரும்புவாள். திரும்பித்தானே ஆகவேண்டும்!

என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ சிரமப்பட்டு மூச்சை இழுத்தார்கள்.

"வர்றேன். நீ போ."

வலியை மறைத்துக்கொண்டு, சிரித்த மாதிரி சொன்ன குரல். இழுபடும் காலடி மேலே, மேலே போயிற்று. அந்தச் சத்தம் தேயும்வரை பக்கத்தில் இருந்த மூச்சு காத்திருந்தது. பிறகு அதுவும் நின்றது.

பாவி மனுஷன். முடியல என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடி வந்திருப்பேனே. இந்தக் காலோடு நான் இறங்கக்கூடாது என்றுதான் சொல்லவில்லை. இங்கே தனியாக உட்கார்ந்து, மூன்று வருடமாக அதையே சொல்லி, என்னை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

"போதுங்க," என்றேன் வெற்றுப் பாறையிடம். "இனிமே பதில் சொல்லாதீங்க. அவளுக்கு வலிச்சா வலிக்கட்டும். வரட்டும்."

தடதடவென்று மகள் இறங்கி ஓடி வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா... யாரோ நொண்டிக்கிட்டே என்னைத் தாண்டிப் போனாங்க. ஆள் தெரியல. உன் குரல்ல கூப்பிட்டாங்க. அப்புறம்... அப்பா..."

"சத்தம் போடாதே. இங்க உட்காரு."

அவள் என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பனி எங்கள் கால்களைத் தொட்டு நின்றது. மேலேயிருந்து மறுபடி என் குரல்.

"வர்றீங்களா?"

பக்கத்தில் மூச்சு இழுபட்டது. பேச வந்தது போலிருந்தது. நான் கையை நீட்டினேன். காற்றில் குளிர்ந்த விரல்கள் என் உள்ளங்கையைப் பற்றின.

பதில் இல்லை.

"ஏங்க?"

மேலே அந்தக் குரலில் இப்போது சலிப்பு இல்லை. பயம் இருந்தது.

"ஏங்க... என்னங்க ஆச்சு?"

இழுபடும் காலடி நின்றது. பிறகு ஒரு கல் உருண்டு எங்கள் முன் விழுந்தது.

ஒன்று அழுத்தமாக, ஒன்று இழுபட்டு, அவள் இறங்கி வரத் தொடங்கினாள்.