எதிர் ஜன்னலின் தேநீர்

எதிர் வீட்டு ஜன்னலில் இருந்த பெண்மணி தேநீரைக் குடிக்கவே இல்லை.

காரிலிருந்து முதல் பெட்டியை இறக்கும்போதே ஃபிலிப்பா அவளைப் பார்த்துவிட்டாள். மஞ்சள் விளக்கின் கீழே, முத்துக் காதணியும் கம்பளிச் சட்டையுமாக, கோப்பையை உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தபடி அவள் புன்னகைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பெட்டியும், ரூபர்ட்டின் மலையேற்றக் கோல்களும், பறவை பார்க்கும் தொலைநோக்கியும், வெளியூர்க் காப்பியை நம்பாமல் அவன் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த காப்பித்தூளும் இறங்கி முடிந்த பிறகும் கோப்பை அதே இடத்தில் இருந்தது.

"அந்தம்மா ரொம்ப நேரமா அப்படியே இருக்காங்க, ரூபர்ட்."

"சூடா இருக்கும். உத்துப் பாக்காத ஃபிலிப்பா. நாம என்ன டூரிஸ்ட்டா?"

சுற்றுலாப் பயணி என்பவர் ரூபர்ட்டின் அகராதியில் எப்போதும் வேறு யாரோதான். அப்படிப்பட்டவர்கள் வராத இடமாகப் பார்த்து விடுமுறைக்குத் தங்க வேண்டும் என்பதற்காக அவன் போன குளிர்காலம் முழுவதையும் செலவழித்திருந்தான். மேட்டுவெளியின் நடுவில் இருந்த சத்திரத்தில் சுவரெங்கும் பாடம் செய்த காட்டுக்கோழிகள் இருந்ததால் அது வேண்டாம் என்றாயிற்று. விட்பி பக்கத்துக் கடற்கரை விடுதிகளில் பொரித்த மீன் நாற்றமும் பிறர் பிள்ளைகளும். வண்டிவீடுகளில் தங்கும் கேரவன் பூங்கா என்ற பேச்சை எடுத்ததற்கே கண்ணை மூடிக்கொண்டான். ஃபிலிப்பாவுக்கு அந்தக் கேரவன் பூங்காதான் வேண்டியிருந்தது. அங்கே சீட்டாடலாம், செருப்பில்லாமல் நடக்கலாம், சத்தமாகச் சிரிக்கலாம். ஆனால் "உன் இஷ்டம்" என்றாள். அவர்கள் குடும்பம் இத்தனை வருடம் ஓடியதே அந்த இரண்டு வார்த்தைகளில்தான்.

கடைசியில் ஸ்கார்விக். பின்னால் பூத்துக் கருகிய புதர்மேடு, முன்னால் கடல், நடுவே ஒரே ஒரு தெரு. கடை இல்லை, கைப்பேசிக்கு அலை இல்லை. "உண்மையான கிராமம்" என்று ரூபர்ட் நண்பர்களிடம் சொல்லியிருந்தான். எல்லா வீட்டுக் கதவோரத்திலும் வாடகைக்கு வரும் விருந்தினருக்கான சாவிப்பெட்டி தொங்கியதைப் பார்த்தபோதும் அவனுக்கு ஏதும் உறுத்தவில்லை.

பக்கத்து வீட்டு வாசலில் கால்பந்துச் சட்டை போட்ட ஒரு பருத்த ஆள், தலைக்குட்டையும் ரப்பர் காலணியுமாக நின்ற ஒரு கிழவியிடம் கத்திக்கொண்டிருந்தான். அவன் மனைவியும் மகளும் ஏற்கெனவே காரில் ஏறியிருந்தார்கள்.

"இதுக்குப் பேரு வீடாக்கா? சுடுதண்ணி வரல. மெத்தை டீயில முக்குன பன்னு மாதிரி இருக்கு. எம்பொண்டாட்டி ராத்திரி பூரா கோட்டோட தூங்குனா. டீ போட்டா கடப்பாசி நாத்தம். பார்ன்ஸ்லியில எங்க வீட்டு நாய்கூட இங்க தங்காது. நாங்க கிளம்புறோம்."

கிழவி பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். "சொல்லிட்டயில்ல கண்ணு, அது போதும். பாத்துப் போங்க, வளைவுல ஆடு நிக்கும்."

கார் போனது. கிழவி அந்த வீட்டுக்குள் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தாள். தெருவில் இருட்டாக இருந்தது அந்த ஒரு வீடுதான். அவள் முகத்தில் லேசாக ஒரு ஏமாற்றம், சந்தையில் பேரம் படியாமல் திரும்புகிறவளைப் போல.

"என்ன ஜென்மங்களோ. எல்லாத்தையும் மூஞ்சிக்கு நேரா கொட்டிடறாங்க" என்று ரூபர்ட் முணுமுணுத்தான். பிறகு கிழவியை நோக்கி, பணிப்பெண்களுக்கும் பாதிரியார்களுக்கும் என்று அவன் தனியாக வைத்திருந்த புன்னகையை எடுத்து அணிந்துகொண்டான்.

அவள்தான் வீட்டுக்காரி, மிஸஸ் வெரில். சொந்த ஊர்க்காரி என்று அங்கே மிச்சமிருந்தது அவள் மட்டும்.

"நம்ம பசங்க எல்லாரும் மிடில்ஸ்பரோ பக்கம் போய்ட்டாங்க கண்ணு. லண்டன்காரங்க விலைய ஏத்திவிட்டா அதுக பாவம் என்ன பண்ணும்? வாங்குனவங்க கோடைக்கு நாலு நாள் எட்டிப் பாப்பாங்க. மத்த நாள்ல தெருவே பொணம் மாதிரி கெடக்கும். ஒரு ஜன்னல்ல வெளிச்சம் இருக்காது. இப்ப பரவால்ல." தெருவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "குறை ஏதாச்சும் இருந்தா நேராச் சொல்லிடுங்க. எனக்கு அது ஒண்ணுதான் வேணும்."

"குறையா? சொர்க்கம்ங்க இது. இங்கயே இருந்துடலாம் போல இருக்கு" என்றான் ரூபர்ட்.

"திரைச்சீலைகூட ரொம்ப அழகா இருக்கு" என்றாள் ஃபிலிப்பா. அது ஈரத்தில் பூஞ்சை பிடித்து, பழைய தேமல்போலப் புள்ளி விழுந்து தொங்கியது.

கிழவி போன கையோடு ரூபர்ட் உதட்டைச் சுழித்தான். "என்ன நாத்தம் பாரு. ஊருக்குப் போனதும் இணையத்துல கிழிச்சுத் தொங்கவிடறேன். பேர் போடாமத்தான்." நாகரிகம் என்றால் அவர்கள் வட்டாரத்தில் இதுதான்.

சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். அதன் பிறகு அவன் எழுந்திருக்கவில்லை.

முதலில் அவளுக்கு அது தெரியவில்லை. மதியம் சாய்வதற்குள் கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து, தோட்டத்து வேலியை விழுங்கி, காரை விழுங்கி, எதிர் ஜன்னலை மட்டும் ஒரு மஞ்சள் கறையாக விட்டுவைத்திருந்தது. வீட்டுக்குள் ஈரக் கம்பளியும் ஆறிய தேநீரும் வெகு நாள் திறக்காத பெட்டியும் கலந்த ஒரு வாசனை அறை அறையாக நடமாடியது. சுவருக்கு அந்தப் பக்கம், காலியான பக்கத்து வீட்டுக்குள், யாரோ கோப்பையில் கரண்டியை விட்டு மெதுவாக, சர்க்கரை கரைந்து வெகு நேரம் ஆனது தெரியாதவரைப்போல, கலக்கிக்கொண்டே இருந்தார்கள். அவள் விரல்கள் விறைத்திருந்தன. குளிர்தான் என்று நினைத்து உள்ளங்கைக்குள் ஊதிக்கொண்டாள். திரைச்சீலையைச் சுட்டிக்காட்டிப் பாராட்டிய அதே கை.

கதவு தட்டப்பட்டது. மிஸஸ் வெரில் ஒரு தட்டில் ஸ்கோன் ரொட்டி கொண்டுவந்திருந்தாள்.

"குளிருதா கண்ணு? கணப்பு சரியா எரியலயோ?"

கணப்பு புகைந்துகொண்டுதான் இருந்தது. ஃபிலிப்பாவின் கண்ணில் நீர் வழிந்தது.

"கதகதப்பா இருக்கு" என்றான் ரூபர்ட் நாற்காலியிலிருந்து. "ஸ்கோன் பிரமாதம்." அவன் இன்னும் அதைக் கடிக்கவில்லை. பாராட்டு முடிந்ததும் வாய் அதே வடிவில் நின்றுவிட்டது. கிழவி போய்விட்டாள். புன்னகை போகவில்லை.

"ரூபர்ட், எந்திரி. கேரவன் பூங்காவுல இடம் இருக்கும். போயிடலாம்."

"ஏன்... நல்லாத்தானே... இருக்கு" என்றான் அவன், ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பவன்போல. கைகள் மடியில் அசையாமல் கிடந்தன. கார் சாவிக்காக அவள் அவன் சட்டைப்பையில் கைவிட்டாள். துணிக்குள்ளே உடம்பு ஈர மணல்போலக் குளிர்ந்து, அழுத்தினால் அழுந்தி, அழுந்திய இடம் திரும்பி எழாமல் இருந்தது. சாவி அங்கே இல்லை. ஸ்கோன் தட்டை வைக்கும்போது கிழவி அவன் பக்கமாகக் குனிந்தது அவளுக்கு நினைவு வந்தது.

உதவிக்கு எதிர் வீட்டுக்கு ஓடினாள்.

மூட்டத்துக்குள் தெரு முழுவதும் ஜன்னல்கள் ஒளிர்ந்தன. எவ்வளவு அன்பான வெளிச்சம். ரூபர்ட் இணையத்தில் பார்த்து மயங்கிய படத்தில் இருந்த அதே வெளிச்சம். கண்ணாடியில் முகம் வைத்துப் பார்த்தாள். முத்துக் காதணிப் பெண்மணியின் கோப்பையிலிருந்து அவள் மூக்கு நுனிவரை ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. தேநீரின் மேல் பச்சையாக ஆடை. எதிரே அவள் கணவன், விலையுயர்ந்த மலையேற்றச் சட்டையில், வரைபடத்தை விரித்தபடி. அவனும் புன்னகைத்தான்.

அடுத்த வீட்டில் இரண்டு பேர். அதற்கடுத்ததில் நான்கு பேர், நடுவில் சதுரங்கப் பலகை. எல்லோரும் நல்ல குடும்பத்தவர்கள். எல்லோர் முகத்திலும், விருந்தில் வேகாத இறைச்சியை வைத்துவிட்டு எப்படியிருக்கிறது என்று கேட்ட வீட்டம்மாவுக்குக் காட்டும் அந்த முகம்.

சதுரங்கத்துக்காரனின் கண்கள் அசைந்தன.

அவளைப் பார்த்தன. பிறகு கதவைப் பார்த்தன. மீண்டும் அவளை. கெஞ்சின.

அவள் திரும்பி ஓடினாள். கல் வழுக்கியது. மூச்சு உப்புக் கரித்தது. வாசல் திறந்திருந்தது. நாற்காலி காலி. தரையில் இரண்டு ஈரக் கோடுகள், குதிகால் இழுபட்ட கோடுகள், பின்கதவு வழியாக வெளியே போயிருந்தன.

வாசலுக்கு வந்து பார்த்தாள். பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

ஜன்னலில் ரூபர்ட். கையில் தொலைநோக்கி, கடலைப் பார்க்கிற பாவனை. தலை நேர்த்தியாக வாரப்பட்டிருந்தது. உதட்டில் பாதிரியார் புன்னகை. கண்ணிலிருந்து நீர் ஒரு கோடாக இறங்கி, அந்தப் புன்னகையின் ஓரத்தில் தேங்கி நின்றது. அவனுக்கு எதிரே ஒரு காலி நாற்காலி. அதன் முதுகில் அவளுடைய சால்வை. மேசையில் ஒரு கோப்பை. ஆவி பறந்தது.

"அங்க நல்ல கடல்காத்து வரும் கண்ணு."

மிஸஸ் வெரில் பின்னால் நின்றாள். கையில் விளக்கு. குரலில் பகை இல்லை. ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தவளின் அலுப்பு மட்டும் இருந்தது.

"அந்த பார்ன்ஸ்லிக்காரன் மாதிரி ஆளுங்கள நான் தடுக்கறதில்ல. தடுக்கவும் முடியாது. மத்தவங்கதான் தங்கிடறாங்க. எல்லாருகிட்டயும் கேக்கறேன். உன்கிட்டயும் கேக்கறேன்." விளக்கை அவள் முகத்தருகே உயர்த்தினாள். "எல்லாம் சரியா இருக்கா? குறை ஏதாச்சும் இருந்தா சொல்லிடு. சொன்னா சாவியைத் தந்துடறேன். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போ."

ஒரு சொல் போதும். ஈரம். குளிர். நாற்றம். எது வேண்டுமானாலும். ஃபிலிப்பாவுக்குத் தெரிந்தது. எல்லாமே தெரிந்தது. கத்த வேண்டும். அந்தப் பருத்த ஆளைப்போல, மானம் போகக் கத்த வேண்டும். வாய் திறந்தது. சொல் தொண்டைக்கு வந்தது. அங்கே, அவள் பிறந்ததிலிருந்து உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று அதைப் பிடித்துக்கொண்டது. சின்ன வயதில் முடியைச் சுருட்டி ரிப்பன் கட்டி, விருந்தாளிகள் முன்னால் நிறுத்தி, முதுகில் கிள்ளிச் சொல்லிக்கொடுத்த ஒன்று. கண்ணில் நீர் பெருகியது. உதடுகள் தாமாக விரிந்தன.

"ரொம்ப..." என்றாள். "ரொம்ப அழகா இருக்கு. தேங்க்ஸ்."

கிழவி பெருமூச்சு விட்டாள். கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்திருக்கலாம். அவளை மெல்லப் பக்கத்து வீட்டுக்குள் நடத்திப்போய் ரூபர்ட்டுக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்காரவைத்து, தலைமுடியில் ஒட்டியிருந்த மூட்டத்தின் ஈரத்தை தலைக்குட்டை நுனியால் ஒற்றி, சால்வையைத் தோளில் இழுத்துவிட்டு, கோப்பையை அவள் விரல்களுக்குள் பொருத்தினாள். மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்தினாள். வெளியே போய்த் தெருவிலிருந்து பார்த்தாள். திருப்தியில்லை. திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள், உதட்டுக்கு ஒரு விரற்கடை தள்ளி.

பிறகு விளக்கைத் தூண்டிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

தேநீரில் கடற்பாசி வாசம். ஆவி முகத்தில் பட்டது. நின்றது. சிலந்தி ஒன்று கூரையிலிருந்து நிதானமாக இறங்கி, கோப்பையின் விளிம்பில் முதல் இழையை ஒட்டிவிட்டு, அவள் முகத்தை நோக்கி நடக்கத் தொடங்கியது.