வெள்ளைத்திட்டின் பொன்னுருண்டை

"உயிரோடு திரும்புவோமா என்பது அந்தக் கடலன்னைக்கே வெளிச்சம்!" என்று ஒலிபெருக்கியில் முழங்கினார் திருமேனிநாதன்.

சேந்தன்முனைப் படகுத்துறையில் அப்போது காலை ஏழு மணி. அவர் போகவிருந்த வெள்ளைத்திட்டு படகில் நாற்பது நிமிடத் தூரம். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் ஐஸ் உடைக்கும் இரண்டு பெண்களும் ஒரு நாயும்.

"எது வந்தாலும் பின்வாங்க மாட்டோம்!" என்றார். நாய் பின்வாங்கியது.

திருமேனிநாதன், அகிலத் தமிழகப் புதையல் மீட்புப் பேரவையின் நிறுவனத் தலைவர். பேரவையில் மொத்தம் இரண்டு உறுப்பினர்கள். மற்றவர் செயலாளர் ஏகாம்பரம், தலைவரின் மைத்துனர். கையில் பதாகை பிடித்திருந்தார். அதில் 'ஆழிச்செம்மல்', 'சாகசச் சிகரம்' என்ற பட்டங்கள் போக மீதி இடத்தில் கொஞ்சம் கடலும் தெரிந்தது.

விஷயம் இதுதான். நடுக்கடலில் தலைநீட்டும் மணல்மேடான வெள்ளைத்திட்டில், பொன்னிறத்தில் ஓர் உருண்டை பாதி புதைந்து கிடப்பதாக மீனவர்கள் ஒரு மாதமாகப் பேசிக்கொண்டார்கள். கடல்கொண்ட அரண்மனையின் தங்கக் கலசம் அது என்று தலைவர் ஊரிலிருந்தபடியே கண்டுபிடித்துவிட்டார். உருண்டை என்னவென்று சேந்தன்முனையில் பாதிப்பேருக்குத் தெரியும். படகு வாடகை கொடுக்க வந்தவரிடம் அதைச் சொல்லிக் கெடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

பிலோமினாள் மச்சாதுவுக்கு மற்றெல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

பத்தொன்பது வருடம் துறைமுக ஆய்வு அலுவலகத்துக்காக அவள் அலை எண்ணினாள். காலை, மதியம், மாலை என மூன்று வேளையும் கரையில் நின்று, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் எத்தனை வினாடி, உயரம் எவ்வளவு, கரையை எந்தச் சாய்வில் அடிக்கிறது என்று நோட்டில் எழுதுவாள். அலை நேராக அடிப்பதில்லை. சாய்ந்து அடித்து, ஒரு பிடி மணலை வடக்கே தள்ளிவிட்டுப் போகும். அப்படித் தள்ளித் தள்ளித்தான் வெள்ளைத்திட்டே உண்டானது. அலையின் உயரம் பார்க்க அவள் நட்ட கம்பத்தைக் கடல் மூன்று முறை கொண்டுபோயிற்று. அவளும் மூன்று முறை ஊர்ப்பக்கம் தள்ளி நட்டாள். கணவனும் இல்லை, பிள்ளையும் இல்லை. நாளில் அவள் அதிகம் பேசியது அந்த நோட்டோடுதான்.

ஒன்றரை வருடத்துக்கு முன் அலுவலகம் ஒரு மஞ்சள் மிதவையைக் கடலில் இறக்கியது. அலையை அதுவே அளந்து செயற்கைக்கோளுக்குச் சொல்லுமாம். பிலோமினாளுக்கு ஒரு சால்வையும் நன்றிக் கடிதமும் வந்தன. ஏழு வாரத்துக்கு முன் மிதவை சங்கிலி அறுந்து காணாமல் போயிற்று. உடனே இன்னொரு கடிதம்: 'கருவி கண்டெடுக்கப்படும் வரை தாங்கள் பணியைத் தொடரலாம்.' அந்தக் கடிதத்தை அவள் ஊருக்கே படித்துக் காட்டினாள்.

ஆகவே உருண்டை திட்டில் கிடக்கிறவரை அவளுக்கு வேலை உண்டு. பதாகையில் 'கடல்நூல் அறிஞர்' என்று போட ஓர் ஆள் வேண்டுமென்று தலைவர் கேட்டபோது, அவள் சரியென்றது அதனால்தான். தங்கமில்லை என்று தெரிந்ததும் இவர்கள் சலித்துப்போவார்கள். 'விட்டுட்டு வாங்கய்யா' என்று சொல்ல ஒருத்தி பக்கத்தில் இருக்கவேண்டும்.

படகுக்காரன் லெயோன் கர்வாலோ எஞ்சினை முடுக்கினான். "ஏறுங்க தலைவரே! தொப்பியப் பிடிச்சுக்கிடுங்க, கடலன்னைக்குத் தொப்பின்னா ரொம்பப் பிரியம்."

வெள்ளைத்திட்டு ஒரு தெருவின் நீளம்கூட இல்லை. மரமில்லை, நிழலில்லை. லெயோன் வடக்குப் பக்கம் நங்கூரம் போட்டான். தலைவர் குதித்தார், விழுந்தார், எழுந்து கொடியையும் பதாகையையும் நட்டார். ஏகாம்பரம் மண்வெட்டியோடு ஓடி உருண்டையைச் சுரண்டினார்.

"மாமா, தங்கம் உரியுது!"

உரிந்தது மஞ்சள் பெயின்ட். அடியில் இரும்பு. பக்கத்தில் எண்ணும் 'அரசுச் சொத்து' என்ற எழுத்தும்.

தலைவரின் முகம் தொங்கியது. பிலோமினாள் சரியான நேரம் பார்த்து, "வெறும் இரும்புய்யா. இதப் போயிச் சுமப்பாங்களா? விட்டுட்டுப் போவோம்" என்றாள். லெயோன் அவளைப் பார்த்துச் சிரித்தான்.

ஆனால் தலைவர்கள் அவ்வளவு சீக்கிரம் தொங்கிப்போவதில்லை. "அரசின் சொத்து!" என்று நிமிர்ந்தார். "கடல் கவர்ந்த அரசுக் கருவியை உயிரைப் பணயம் வைத்து மீட்ட ஆழிச்செம்மல்! ஏகாம்பரம், எடு கேமராவை. நான் கண்டுபிடிப்பதை முதலிலிருந்து எடு."

அவர் கண்டுபிடித்தார். வெயில் முகத்தில் படவில்லை என்று மறுபடி கண்டுபிடித்தார். மூன்றாவது முறைக்கு உருண்டையைத் திரும்ப மணலால் மூடச் சொன்னார்.

பிலோமினாள் தெற்குக் கரையில் தனியாகப் போய் உட்கார்ந்தாள். மனம் பாரமாக இருந்தது. கை பழக்கத்தில் இடுப்பிலிருந்த ஸ்டாப்வாட்சை எடுத்தது. காலையில் அலைக்கு அலை எட்டு வினாடி. இப்போது காற்று அடங்கிவிட்டது, அலையும் அடங்கவேண்டும். அடங்கியது. அந்தச் சின்ன அலைகளுக்கு அடியில், தெற்கிலிருந்து, வேறொன்று வந்தது.

முழங்கால் உயரம்தான். நுரையில்லை, அவசரமில்லை. அகலமாக வந்து மணலில் ஏறி இறங்கியது. அவள் அழுத்தினாள். பதினாறு. மறுபடி பதினேழு. மறுபடியும் பதினேழு.

பக்கத்துக் காற்றில் பிறக்கும் அலைகள் பொடிசு. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். எங்கோ தெற்கே, ஆளே போகாத கடலில் பெரும்புயல் பெற்றெடுத்தவை அப்படியல்ல. ஐந்தாறு நாள் யாரும் பார்க்காமல் தனியே ஓடிவரும். இடைவெளி நீளமானவை முந்தி வரும், கனமானவை பின்னால் வரும். ஆழத்தில் அவை போவதே தெரியாது. காலடியில் மணல் தட்டுப்பட்டதும்தான் நின்று நிமிரும். பத்தொன்பது வருட நோட்டில் பதினேழு இரண்டே முறை. இரண்டு முறையும் கடல் தெருவுக்குள் வந்தது.

அவள் ஓடினாள். "கெளம்புங்க! இப்பவே! உருண்டைய விட்டுருங்க, பெரிய கடல் வருது!"

தலைவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். ஒரு மேகமில்லை. "அம்மணி, காற்றே இல்லையே. கடல் எப்படிப் பெரிதாகும்?"

"காத்து இங்க இல்லய்யா. அது அடிச்ச இடம் வேற."

லெயோன் இடுப்பில் கை வைத்தான். "யக்கா, போதும். கொஞ்சம் முந்தியும் இதத்தான சொன்ன, 'விட்டுட்டுப் போவோம்'னு? இந்தச் சாமான் கரைக்கு வந்தா ஒன் வேல போயிரும். அதான் கடலு பெருசாவுது."

"சதி!" என்றார் தலைவர் மகிழ்ச்சியோடு. சதியில்லாத சாகசம் அதுவரை அவருக்குக் குறையாகவே இருந்தது.

பிலோமினாளுக்கு உறைத்தது. பொய்யாகச் சொன்னபோதும் அதே வார்த்தை, மெய்யாகச் சொல்லும்போதும் அதே வார்த்தை. எப்படி நம்புவார்கள்? பின்னால் இன்னோர் அலை ஏறிற்று. இம்முறை கொடியின் அடி நனைந்தது.

"சரி," என்றாள். "அதயும் கட்டி இழுத்துட்டுப் போவோம். நானே உருட்டுதேன். ஆனா இப்பவே கெளம்பணும்."

லெயோனின் சிரிப்பு நின்றது. அவள் மண்டியிட்டுக் கையால் மணலை அள்ளத் தொடங்கியிருந்தாள். அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். பிறகு தெற்கே பார்த்தான்.

"யேய் கேமரா! அதப் போட்டுட்டு மம்பட்டிய எடு! அக்கா நெசமாத்தான் சொல்லுது!"

நால்வரும் முக்கி முனகி உருண்டையைப் பெயர்த்து வடக்குக் கரைக்கு உருட்டினார்கள். தண்ணீரில் இறங்கியதும் அது சமர்த்தாக மிதந்தது. அதற்குள் அலைகள் திட்டின் இரு முனைகளையும் சுற்றிக்கொண்டு வந்து, படகிருந்த பக்கமே ஒன்றோடொன்று மோதி எழுந்தன. தெற்குக் கரை துண்டு துண்டாய்ச் சரிந்தது. பதாகையைக் கடல் பட்டங்களோடு சுருட்டிக்கொண்டு போயிற்று.

"நானே முதலில் ஏறி வழி..." என்று தலைவர் தொடங்கினார்.

"தலைவரே, வாய மூடிட்டு தோளக் குடுங்க!" என்று கத்தினான் லெயோன்.

பிலோமினாள் இடுப்பளவு தண்ணீரில் நின்று எண்ணினாள். பெரியவை கூட்டமாக வந்தன. ஐந்து, பிறகு கொஞ்ச நேரம் அமைதி. மறுபடி ஐந்து. அமைதி இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

"அஞ்சாவது போற வரைக்கும் யாரும் அசையாதிங்க! மூணு... நாலு..." நான்காவது அவள் தலைக்குமேல் போயிற்று. மூச்சுத் திணறி எழுந்தாள். ஏகாம்பரம் அழுதுகொண்டிருந்தார். "அஞ்சு! இப்பத் தள்ளு! தள்ளு!"

தள்ளினார்கள். ஒலிபெருக்கியை விட்டுவிட்டு ஆழிச்செம்மலும் தள்ளினார், நன்றாகவே தள்ளினார். எஞ்சின் இரண்டாம் இழுப்பில் பிடித்தது. கயிறு விறைத்தது. மிதவை பின்னால் துள்ளிக்கொண்டு வந்தது. அடுத்த கூட்டத்தின் முதல் அலை உடைவதற்குள் அவர்கள் ஆழத்துக்குப் போய்விட்டார்கள்.

அங்கே அதே அலை, தூங்குகிறவர்களைத் தாண்டிப் போகிற ஆள் மாதிரி, படகை மெல்லத் தூக்கி இறக்கிவிட்டுப் போயிற்று. திரும்பிப் பார்த்தாள். திட்டு நடுவில் பிளந்து வெள்ளையாக நுரைத்தது. இத்தனை தூரம் ஓடிவந்தது இதற்காகத்தானா என்று அவளுக்கு அலைகளைப் பார்த்தே இரக்கமாக இருந்தது.

செல்போனில் சிக்னல் வந்ததும் லெயோன் ஊருக்குக் கத்தினான். "வள்ளத்தையெல்லாம் மேட்டுல ஏத்துங்கலே! யாரு சொன்னாவா? பிலோமி அக்கா சொன்னா!"

சாயங்காலம் கடல் ஐஸ் கம்பெனி வாசல்வரை வந்து போயிற்று. ஒரு வள்ளத்தைக்கூட அது கொண்டுபோகவில்லை.

மறுநாள் பாராட்டு விழா. தலைவர் மாலையோடு மிதவையின்மேல் கைவைத்து நின்றார். "என் கணிப்புப்படி அன்று கடல்..." என்று தொடங்கி, இதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடத்தை நாற்பது நிமிடம் விளக்கினார். பாடம் பணிவைப் பற்றியது. பிலோமினாளுக்கு அன்றே கடிதம் வந்தது: 'கருவி கண்டெடுக்கப்பட்டதால் தங்கள் பணி நிறைவுறுகிறது.' அவள் அதை யாருக்கும் படித்துக் காட்டவில்லை.

பத்து நாளில் மிதவை மறுபடி கடலுக்குப் போயிற்று. லெயோன்தான் இழுத்துப் போனான். உடன் வந்த என்ஜினீயரிடம், "இது எங்ககிட்டப் பேசுமா சார்?" என்று கேட்டான்.

"செயற்கைக்கோளுக்குப் பேசும். அங்கேர்ந்து தலைமையகத்துக்கு. அங்கேர்ந்து இணையத்துல போடுவாங்க."

"எத்தன நாளாவும்?"

என்ஜினீயர் சிரித்தார்.

அடுத்த நாள் காலை. பிலோமினாள் சம்பளமில்லாமல், யாரும் சொல்லாமல், கம்பத்தருகே நின்றிருந்தாள். வேறெங்கே நிற்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கடலுக்குப் போகிற வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் லெயோன் ஈர மணலில் நடந்துவந்தான்.

"யக்கா, இன்னைக்கு எத்தன?"

"எட்டு."

"எட்டுன்னா?"

"போலாம்."

அவன் தலையாட்டிவிட்டு இரண்டடி போனான். நின்று திரும்பினான். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று வள்ளக்காரர்கள், கேட்டும் கேட்காததுபோல், காத்துக்கொண்டிருந்தார்கள்.

"சாயந்தரமும் இருப்பியாக்கா?"

"எங்க போவப்போறேன்," என்றாள் பிலோமினாள்.