பொன்னாடைத் தீர்மானம்

2191 நவம்பர் 16, புதன்

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். கூட்டம் முடிந்து தலைவர் அறவாழியின் தலையை அலசும்போது கருவியைக் கொஞ்சம் கூடுதலாக ஓட விட்டுவிட்டேன். இரகசியங்களோடு சேர்ந்து அவருடைய மருமகள் பெயரும் போய்விட்டது. வாசலில் நின்ற அந்தப் பெண்ணை "வாம்மா" என்று மட்டும் அழைத்துச் சமாளித்துக்கொண்டு போனார். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

மாலை வகுப்பில் சட்டம் நடத்தும் ஆசிரியர் எதையும் வரிசையாக எழுதச் சொல்கிறார். எனக்கு வரிசை சரியாக வருமா என்பது சந்தேகம்தான். முயல்கிறேன்.

நிலவின் தென்முனையில் இருப்பது எங்கள் அரசு. வடமுனையில் இருப்பது அயல் அரசு. அங்கே உளவு பார்க்கும் எங்கள் துறையைக் குடிமக்கள் கண்காணிக்க வேண்டும் என்று எங்களிடம் ஒரு சட்டம் உண்டு. அதற்காக மூன்று பேர் கொண்ட அறிவுரைக் குழு புதன்தோறும் கூடுகிறது. குடிமகன் இரகசியத்தைக் கேட்கலாம், ஆனால் வீட்டுக்கு எடுத்துப் போகக்கூடாது. ஆகவே கூட்டம் முடிந்ததும் நினைவலசியைத் தலையில் மாட்டி, அன்று கேட்ட இரகசியங்களை மட்டும் நான் கழுவிவிடுவேன். எழுத்தரான என் தலையை அலசச் சட்டத்தில் விதி இல்லை. எழுத்தருக்குத் தலை இருக்கும் என்று அதை எழுதியவர்கள் யோசிக்கவில்லை போலும்.

கருவியை அளவாக ஓட விட்டால் இரகசியம் அல்லாதது போகாது. உதாரணமாக, யாருக்கு எத்தனையாவதாகப் பொன்னாடை போர்த்தினார்கள் என்பது.

துறையின் தலைமை ஓர் எந்திரம். பெயர் நோக்கன். மனித உயிர் சம்பந்தப்பட்ட முடிவை எந்திரம் தனியாக எடுக்கக்கூடாது என்பதால் அது குழுவின் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. பல புதன்களாகக் காத்திருக்கிறது. அந்த உயிர் திலகா அக்காவுடையது. வடமுனைத் தலைமைச் செயலகக் கேன்டீனில் தோசை போடுகிறார். எங்கள் ஒற்றர்.

காலையில் அலைவழி திறந்ததும் அவருடைய குரல் வந்தது.

"என்ன தம்பி, இன்னிக்காச்சும் பெரியவங்க என்னைப் பத்திப் பேசுவாங்களா?"

"முதல் பொருளே நீங்கதான்க்கா."

"போன வாரமும் இதையேதான் சொன்ன."

"போன வாரம் நன்றியுரை நீண்டுடுச்சு."

"வெள்ளிக்கிழமை இங்க எல்லாருக்கும் எலும்புச் சோதனையாம். தென்முனைக்காரி எலும்புன்னு ஒரு நொடியில காட்டிடும். அப்புறம் என்னைக் காத்து இல்லாம கதவுக்கு வெளிய விட்டுடுவானுங்க. நாளைக்கு ராத்திரி சரக்கு வண்டி கிளம்புது. ஏறட்டுமான்னு மட்டும் கேட்டுச் சொல்லு. இல்லைன்னா அந்த நன்றியுரையில எனக்கும் ரெண்டு வரி சேர்த்துக்கச் சொல்லு."

கூட்டம் வாழ்த்துப் பாட்டுடன் தொடங்கியது. பிறகு வரவேற்புரை. பிறகு பொன்னாடை. தலைவர் அறவாழிக்குத் திருமதி சௌந்தரம் போர்த்தினார். ஆக்சிஜன் உருளை ஏஜென்சி வைத்திருக்கும் சௌந்தரத்துக்குக் கவிஞர் பாரிவேள் போர்த்தினார். கவிஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன தடவையும் நான்தான் கடைசி."

"வயசு வரிசைங்க கவிஞரே," என்றார் தலைவர்.

"புகழ் வரிசையில வச்சுப் பாருங்க, ஒரு தடவை."

கவிஞர் கடைசி ஆகாதபடி, சமாதானமாக அவருக்குப் பிறகு நோக்கனுக்கும் ஒன்று போர்த்தினார்கள். அது அதன் கண்கள்மேல் விழுந்தது. நான் எழுந்து போய் விலக்கிவிட்டேன்.

"முதல் பொருள்," என்றது நோக்கன். "திலகவதியைத் திரும்ப அழைக்கலாமா?"

"யாரு திலகவதி?" என்றார் தலைவர்.

நோக்கன் பொறுமையாக, முதல் தடவை சொல்வதுபோலவே எல்லாம் சொன்னது. அவர்களும் முதல் தடவை கேட்பதுபோலவே அதிர்ந்தார்கள். சௌந்தரம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அடப்பாவமே, பொம்பளப் புள்ளையாச்சே. கூப்பிட்டுடுங்க," என்றார். தலைவரும் வாய் திறந்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் திலகா அக்காவின் உழைப்புக்குச் சாட்சியாக, கடைசியாக அவர் எடுத்த ஒளிப்பதிவைக் காட்டலாம் என்று நோக்கனிடம் காலையிலேயே யோசனை சொல்லியிருந்தேன். பெரியவர்கள் மனம் இளகும் என்று நினைத்தேன். நோக்கன் அதன்படியே ஓட விட்டது.

வடமுனையின் மூடிய அறை ஒன்று திரையில் தெரிந்தது. அங்கேயும் ஓர் அறிவுரைக் குழு. அங்கேயும் வாழ்த்துப் பாட்டு. பிறகு பொன்னாடை.

"நிறுத்துங்க," என்றார் கவிஞர். "அது பட்டா?"

"பட்டுதான். கரையைப் பாருங்க, அசல் ஜரிகை," என்றார் சௌந்தரம். அவருடைய கண்ணீர் காய்ந்திருந்தது. "நமக்கு மட்டும் இந்த நைலானா?"

"கையில என்ன அது, வெள்ளிக் கேடயமா?" தலைவர் திரையருகே போனார். "ஆளுக்கு ஒண்ணா!"

நோக்கன் குறுக்கிட்டது. "பதிவின் கடைசிப் பகுதி முக்கியம். நம் கேன்டீனில் வடமுனை ஒற்றர் ஒருவர் வேலை செய்கிறார். அவரைத் திரும்ப அழைப்பதா என்பது அவர்களுடைய முதல் பொருள். நேரம் போதாமல் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டார்கள்."

"நம்ம கேன்டீன்லயா?" என்றார் சௌந்தரம். "அதான் சாம்பார் இப்பல்லாம் நல்லா இருக்கு. அந்த ஆளைப் போக விட்டுடாதீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்மானம் சொன்னார். அயல் அரசு தன் குடிமக்களை இவ்வளவு உயர்வாக மதிக்கும்போது நாம் பின்தங்குவது நாட்டின் மானப் பிரச்சினை. பட்டு எந்தக் கடையில் எடுத்தது, கேடயம் எத்தனை கிராம் என்பவை தெரியும்வரை திலகவதி அங்கேயே இருக்க வேண்டும். ஏகமனதாக நிறைவேறியது. இந்தக் குழு ஏகமனதாக எதையும் நிறைவேற்றி நான் பார்த்தது இதுவே முதல் தடவை.

"வெள்ளிக்கிழமை எலும்புச் சோதனை இருக்கிறது," என்றது நோக்கன்.

"அதுக்குள்ள கேட்டுட்டாப் போச்சு," என்றார் கவிஞர்.

அலச உட்காரும்போது ஒரு சட்டச் சிக்கல் வந்தது. பொன்னாடையும் கேடயமும் இரகசியப் பதிவில் வந்தவை என்பதால் கழுவப்பட வேண்டும் அல்லவா? பொன்னாடை எந்த நாட்டில் போர்த்தினாலும் பொது நிகழ்ச்சிதான் என்று தலைவர் தீர்ப்பளித்தார். ஆகவே பட்டை விட்டுவிட்டுத் திலகா அக்காவை மட்டும் கழுவினேன்.

அவர்கள் போனபிறகு நோக்கன் கேட்டது: "விதியை என்னால் மீற முடியாது. அப்படித்தான் என்னைச் செய்திருக்கிறார்கள். உன்னையும் அப்படித்தான் செய்திருக்கிறார்களா?"

அலைவழிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஏறுங்கள் என்று நானே சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியாது. திலகா அக்கா யார் என்பதே மூவருக்கும் நினைவில்லை. ஆனால் நான் எழுத்தர். வேலை நிரந்தரமாக இன்னும் ஓராண்டு இருக்கிறது. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினேன்.

நாளை, வியாழன்: அலைவழி திறந்ததும் திலகா அக்காவிடம் வண்டியில் ஏற வேண்டாம் என்று சொல்ல வேண்டும். பட்டுக் கடையின் பெயரையும் கேடயத்தின் எடையையும் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வாங்கிவிட வேண்டும்.