மூச்சு முட்டும் மார்கழி

"ஐயோ... யாராச்சும் ஓடியாங்களேன்!"

அலறல் மட்டும் கேட்டது. அலறியவளைக் காணவில்லை!

காலை பத்து மணி. ஆனாலும் பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியவில்லை.

1983 ஜனவரி. மார்கழியின் கடைசி ஞாயிற்றுக்கிழமை. ஜவ்வாது மலையில், நான்கு பக்கமும் குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தில் முப்பது வீடுகள், ஓரமாக ஒரு போலீஸ் ஸ்டேஷன். ஊர்ப் பெயர் புளியங்குட்டை. விடியலில் இறங்கிய பனி இன்னும் எழுந்து போகவில்லை.

அந்தப் பனி வெள்ளையாக இல்லை.

மஞ்சள்!

மூச்சை இழுத்தால் நாக்கில் துருப்பிடித்த இரும்பின் ருசி.

சப்-இன்ஸ்பெக்டர் சிங்காரம் இருமிக்கொண்டே ஓடினார். மலைக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பின்னால், டார்ச் லைட்டுடன் கான்ஸ்டபிள் ரங்கன்.

"ஐயா, பார்த்து... எதிர்ல ஓடை!"

டார்ச் வெளிச்சம் ஓடைக் கரையில் விழுந்தது.

ஒரு பெண் மண்டியிட்டிருந்தாள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. அதன் நெஞ்சிலிருந்து விசில் போல ஒரு சத்தம்.

அவள் முன்னே... அவன்!

மல்லாந்து கிடந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். கத்திக்குத்து இல்லை. கழுத்தில் கயிற்றுத் தடம் இல்லை. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"யாரும்மா இது?"

"என் வூட்டுக்காரருங்க... மாதையன். நான் சாந்தம்மா. காத்தால அஞ்சு மணிக்குப் போனவரு... கொன்னுட்டாங்க சாமி! கொன்னுட்டாங்க!"

"யாரு?"

அவள் கை மஞ்சள் பனிக்குள் நீண்டது. அது காட்டிய திசையில் எதுவுமே தெரியவில்லை.

ஆனால், அங்கே என்ன இருக்கிறது என்று சிங்காரத்துக்குத் தெரியும்.

அருணகிரியின் ஈய உலை!

"இன்னாத்துக்கும்மா உலைக்காரங்க உன் புருஷனைக் கொல்லணும்?" என்றார் ரங்கன்.

"மனு போட்டாரே! இந்தப் பொகை வந்து ரெண்டு மார்கழி ஆச்சு. போன மார்கழில எங்க பெரிய புள்ளைக்கு நெஞ்சு கட்டிக்கிச்சு. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போக பஸ் இல்ல. கீழ எறங்கறதுக்குள்ள..." இடுப்புக் குழந்தையைப் பார்த்தாள். "இப்ப இதுக்கும் அதே இழுப்பு. செங்கம் தாலுக்கா ஆபீசுக்கு நடையா நடந்தாரு. மெட்ராசுக்கு ரிஜிஸ்தர் தபால் போட்டாரு. வாணாம்யா, வாணாம்யான்னு உலைக்காரங்க மெரட்டினாங்க. இதோ... முடிச்சிட்டாங்க!"

சிங்காரம் குனிந்தார். பிணத்தின் முகத்தைப் பார்த்தார்.

துணுக்குற்றார்.

செத்தவன் முகம் வெளுத்திருக்க வேண்டும். நீலம் பாரித்திருக்க வேண்டும்.

மாதையனின் கன்னங்கள் ரோஜா நிறத்தில் இருந்தன!

* * *

திங்கட்கிழமை காலை.

மலையடிவார ஆஸ்பத்திரியில், பிரேதப் பரிசோதனை முடித்துக் கையைத் துடைத்தபடி வந்தார் டாக்டர் சம்பூர்ணம்.

"சிங்காரம்... உடம்பை எங்க எடுத்தீங்க?"

"ஓடைக் கரையில டாக்டர். திறந்த வெளி."

"அங்க சாகல அவரு!"

"எப்படிச் சொல்றீங்க?"

"ரத்தம் பளிச்சுன்னு செக்கச்செவேல்னு இருக்கு. கார்பன் மோனாக்சைடு. கரி அரைகுறையா எரிஞ்சா வர்ற வாயு. வாசனை கிடையாது. நிறம் கிடையாது. தூக்கம் மாதிரி வரும்... எழுந்திருக்க முடியாது. திறந்த வெளியில இப்படி ஒருத்தரைக் கொல்ல அதுக்குச் சக்தி போதாது. நாலு சுவரு வேணும். மூடின கதவு வேணும்."

"அப்போ யாரோ அடைச்சு வெச்சுக் கொன்னுட்டு..."

"ஓடைக்குத் தூக்கிட்டு வந்து போட்டிருக்காங்க. அதுக்கு நான் சர்டிபிகேட் தருவேன்."

சிங்காரம் தொப்பியை எடுத்து மாட்டினார். மூன்று மாதமாக இந்த மலையில் அவர் பார்த்ததெல்லாம் வேலித் தகராறும் ஆடு திருட்டும்தான்.

இது கொலை!

"ரங்கா, ஜீப்பை எடு!"

* * *

உலைக் கொட்டகை. தகரக் கூரை, செங்கல் சுவர், ஒரே ஒரு கதவு. வெளியே, குன்று போல் குவிந்து கிடந்தன பழைய பேட்டரிகள். லாரி லாரியாக மெட்ராஸிலிருந்து வந்தவை. அவற்றை உடைத்து, மலைக் கரியில் எரித்து, ஈயம் காய்ச்சி எடுப்பார்கள்.

இன்று காய்ச்சவில்லை. புகைபோக்கியில் மேலிருந்து கீழ்வரை விரிசல். இரண்டு கொத்தனார்கள் சாரம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

மேஸ்திரி ராஜேந்திரன் கும்பிட்டபடி ஓடி வந்தான்.

"வாங்கய்யா... டீ சொல்லட்டுங்களா?"

"புகைபோக்கி எப்படிய்யா வெடிச்சுது?"

"சூட்டுலங்க..."

"எப்போ?"

"ஞா... ஞாயித்துக்கிழமைங்க."

சிங்காரம் நேரே கதவிடம் போனார். உள்பக்கத் தாழ்ப்பாள் வளைந்து, ஆணியோடு பிடுங்கித் தொங்கியது.

"இது?"

"காத்துல பிச்சிக்கிச்சுங்க!"

"மார்கழிப் பனி நகர்றதுக்கே இங்க காத்து இல்ல. தாழ்ப்பாளைப் பிடுங்க மட்டும் வந்துதாக்கும்?"

ராஜேந்திரன் துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"உள்ள தாழ்ப்பாள் போட்டிருந்த கதவை, வெளியிலேர்ந்து இடிச்சு உடைச்சிருக்கீங்க. உள்ளே யாருய்யா இருந்தது?"

ராஜேந்திரன் ஓரடி பின்னால் நகர்ந்தான்.

"மாதையனா?"

"ஐயா... நாங்க கொல்லலீங்க! எம் புள்ளைங்க மேல சத்தியமாக் கொல்லலீங்க!" அவன் தடாலென்று காலில் விழுந்தான்.

"எழுந்து சொல்லு!"

"ஞாயித்துக்கிழமை ஈயம் காய்ச்சறதில்லீங்க. ஆனா உலையை அணைக்கவும் மாட்டோம். கரி கனிஞ்சுக்கினே இருக்கும். காத்தால நாங்க நாலு பேரும் டீ குடிக்கப் போய்ட்டோம். திரும்பி வந்தா கதவு உள்ள தாழ் போட்டிருக்குது. தட்டனோம். கத்தனோம். சத்தமே இல்ல. இடிச்சுத் தெறந்தா... அவரு கதவுக்கு முதுகைக் குடுத்து உக்காந்த வாக்குல இருந்தாருங்க. உசுரு இல்ல."

"உள்ளே எதுக்குப் போனான்?"

ராஜேந்திரன் மூலையைக் காட்டினான். களிமண் அப்பிய ஐந்தாறு கோணிப்பைகள், பாதி கருகிக் கிடந்தன.

"ஏணி போட்டு ஏறி, பொகைபோக்கி வாயில ஈரச் சாக்கைத் திணிச்சு, மண்ணைப் பூசி அடைச்சிட்டாருங்க! பொகை வெளிய போவல. உள்ளயே சுத்திச்சு. நாங்க பதறிப்போயி சாக்கைப் புடுங்கி, குடம் குடமாத் தண்ணியை ஊத்தனோம். சூடா இருந்த கல்லு பட்டுனு வெடிச்சிருச்சு. மொதலாளி மெட்ராஸ்ல. எங்க மேல கொலைப்பழி வந்துரும்னு பயந்துக்கினு... பனி மறைவுல ஓடைக்குத் தூக்கினு போயி..."

சிங்காரத்துக்கு நம்பிக்கை வரவில்லை. நான்கு பேர் கூடிப் பேசி வைத்துக்கொண்ட கதையோ?

ஒரு கோணியைக் கையில் எடுத்தார். கருகாத ஓரத்தில் சாமை மணிகள் ஒட்டியிருந்தன.

* * *

கோணியைப் பார்த்ததும் சாந்தம்மாள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள்.

"உங்க வூட்டுச் சாக்கா?" என்றார் சிங்காரம்.

அவள் கோணியின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"நிஜத்தைச் சொல்லும்மா. இல்லாட்டி உலைக்காரங்க நாலு பேரும் தூக்குல தொங்குவாங்க."

"எங்க வூட்டுதுதாங்க." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "சாமையைக் கீழ கொட்டிட்டு... நான்தான் நனைச்சுக் குடுத்தேன்."

ரங்கன் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"சனிக்கிழமை ராவெல்லாம் புள்ளைக்கு மூச்சு வரலீங்க. ஒதடு கறுத்துப் போச்சு. இதுவும் போயிரும்னு நெனைச்சோம். 'மனு போட்டு ஒரு வருஷம் ஆவுது, ஒருத்தனும் வரல, நானே அடைச்சிட்டு வர்றேன் சாந்தா'ன்னாரு. 'அடைச்சா புடுங்கிற மாட்டாங்களா'ன்னேன். 'கதவைத் தாழ் போட்டுக்கினு உள்ளயே குந்திக்கிறேன். ஒரு நாளு... ஒரே ஒரு நாளு புள்ள மூச்சு வுடட்டும்'னாரு."

அவள் நிமிர்ந்தாள்.

"அது உள்ள இருக்கற ஆளைக் கொல்லும்னு எங்களுக்குத் தெரியாதுங்களே! அவங்கதான் புடிச்சு அடிச்சிட்டாங்கன்னு நெனைச்சேன்... அப்போ... சாக்கை நனைச்ச நான்தான் கொன்னேனா சாமி?"





இந்தக் கேள்விக்குப் பதில் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் எந்தப் பிரிவிலும் இல்லை!

* * *

அன்று மாலையே ஸ்டேஷன் வாசலில் அம்பாசடர் காரில் வந்து இறங்கினார் அருணகிரி. வெள்ளைச் சட்டை. மூக்கில் கர்ச்சீப்.

"என் ஆளுங்களை அரெஸ்ட் பண்ணிட்டீங்களாம்?"

"பிணத்தை மறைச்சதுக்கு. உங்களையும் விடறதா இல்ல."

"எதுக்கு? நான் அன்னிக்கு மெட்ராஸ்ல இருந்தேன். லைசென்ஸ் இருக்கு. உலைக்குள்ள திருட்டுத்தனமா நுழைஞ்சு, புகைபோக்கியை நாசம் பண்ணினவன் அவன்." ஒரு தாளை மேஜை மேல் வைத்தார். "என் கம்ப்ளெயின்ட். அத்துமீறல், சொத்துச் சேதம். எதிரி, மாதையன். வாங்கிக்குங்க."

"செத்தவன் மேலயா?"

"அவன் செத்தது உங்க பிரச்னை சார்."

"ஒரு குழந்தை போச்சு. இன்னொண்ணு இழுத்துக்கிட்டுக் கிடக்கு. இந்த உலையை மெட்ராஸ்லயே வெச்சிருக்கக் கூடாதா?"

"அங்கதான் வெச்சிருந்தேன்! பனிக்காலத்துல புகை கீழ இறங்குது, மூச்சு முட்டுதுன்னு காலனிக்காரங்க கோர்ட்டுக்குப் போயிட்டாங்க. அதான் ஆளே இல்லாத இடமாப் பார்த்து வந்தேன்."

"முப்பது வீடு இருக்கே!"

அருணகிரி ஜன்னல் வழியே மேம்போக்காகப் பார்த்தார்.

"அப்படியா?" என்றார்.

 சிங்காரம் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

* * *

செவ்வாய்க்கிழமை.

சிங்காரம் ஸ்டேஷனுக்கு வெளியே வந்தார். பிரமித்தார்.

எதிர்க் குன்று தெரிந்தது! அதில் நின்ற ஆடுகள் கூடத் தெரிந்தன!

உலை நின்று இரண்டு நாள் ஆகிறது. மஞ்சள் கரைந்து, பனி எட்டு மணிக்கே எழுந்து போய்விட்டது. ஜனங்கள் கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். சாந்தம்மாளின் தோளில் குழந்தை தூங்கியது.

விசில் சத்தம் இல்லை!

அப்போது ஒரு ஜீப், மேட்டில் முனகிக்கொண்டே வந்து நின்றது. கண்ணாடி அணிந்த ஒருவர் இறங்கினார். அவர் பின்னே, பெட்டி போன்ற ஒரு மெஷினை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள்.

"நான் கோபால்சாமி. மெட்ராஸ் மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸ்லேர்ந்து வர்றேன். இங்க காத்துல புகை இருக்கான்னு அளக்க ஆர்டர்."

சிங்காரம் ஓரடி முன்னே வந்தார். வந்துவிட்டார்கள்! மாதையனின் மனு கடைசியில் யாரையோ எழுப்பிவிட்டது!

மறுகணம்... புகையில்லாத புகைபோக்கியைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்! இன்னிக்கு அளக்காதீங்க! உலை ரிப்பேர்ல இருக்கு! நாளைக்குச் சாயந்திரம் புது ஆளுங்களை வெச்சுப் பத்த வெப்பாங்க. ரெண்டு நாள் தங்கிப் பாருங்க. உங்களுக்கே மூச்சு முட்டும்!"

"தங்க உத்தரவு இல்லீங்களே."

"அப்போ அடுத்த வாரம் வாங்க!"

"இருக்கறது ஒரே மெஷின் சார். மெட்ராஸ்ல முந்நூறு புகார் கிடக்கு. இதுக்கு மறுபடி சாங்ஷன் ஆகணும்னா அடுத்த மார்கழியோ, அதுக்கடுத்த மார்கழியோ..."

"உலை நின்னிருக்குன்னாவது ரிப்போர்ட்ல எழுதுங்க சார்!"

"அதுக்கு ஃபாரத்துல இடமில்லை."

மெஷின் இரண்டு மணி நேரம் உறுமியது. பிறகு நின்றது. கோபால்சாமி முள்ளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பிரமாதம்! இப்படி ஒரு காத்தை என் சர்வீஸ்ல பார்த்ததில்லை!"

தூரத்தில் காரின் மேல் சாய்ந்து நின்றிருந்த அருணகிரி சிரித்தார். ரங்கன் மண்ணில் காறித் துப்பினார்.

"மனுதாரர் மாதையன் யாருங்க? கையெழுத்து வேணும்," என்றார் கோபால்சாமி.



சாந்தம்மாள் எழுந்து வந்தாள்.

"அவரு இல்லீங்க. நான் அவரு சம்சாரம்."

"அப்ப நீங்க ரேகை வைக்கலாம்."

"இன்னா எழுதிக்கீதுங்க?"

"உங்க ஊர் காத்து நல்லா இருக்குன்னும்மா."

"வெக்காதேம்மா!" கத்தினார் சிங்காரம்.

அவள் தோளில் தூங்கும் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். அதன் நெஞ்சு ஏறி இறங்குவதை நெடுநேரம் பார்த்தாள்.

"இன்னிக்கு நல்லாத்தாங்க கீது..." என்றாள்.

விரலை மையில் தோய்த்து, வைத்தாள்.

* * *

புதன்கிழமை மாலை நான்கு மணி.

செப்பனிட்ட புகைபோக்கியிலிருந்து முதல் புகை எழுந்தது. மேலே போகவில்லை. குன்றில் முட்டி, திரும்பி, ஊருக்குள் இறங்கியது.

வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை இருமியது.

சாந்தம்மாளின் வீடாக இருக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டார் சிங்காரம். நினைக்க மட்டும்தான் அவரால் முடிந்தது.

ரங்கன் கேஸ் கட்டோடு வந்து நின்றார். கண்கள் எரிந்து நீர் வழிந்தது. புகையாலா என்று சிங்காரம் கேட்கவில்லை.

"ஐயா... நேத்து மெஷின்காரர் குடுத்த சர்டிபிகேட்டு நகலை உலைக்காரர் அனுப்பிச்சிருக்காரு. ஃபைல்ல சேக்கணுமாம். காத்துல எந்தக் கெடுதலும் இல்லன்னு கவர்ன்மெண்ட் முத்திரை. அப்போ மாதையன் கேஸ்ல, சாவுக்குக் காரணம்னு இன்னாங்க எழுதறது?"

சிங்காரம் இருமினார். இருமி முடிக்க ஒரு நிமிடம் ஆயிற்று.

"'சுத்தமான காத்து'ன்னு எழுதுய்யா! முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க... நாம இன்னாத்துக்கு மாத்தணும்?"