இடப்பக்கம்

இருக்கக் கூடாத இடத்தில் பச்சை தெரிந்தது. அகுத்சு கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி நுண்ணோக்கியில் குனிந்தாள். தவளைக் கரு இரண்டு செல்லாகப் பிரிந்ததுமே அவள் இடது செல்லில் ஊசி போட்டிருந்தாள். 'இங்கே சிறுநீரகம் கட்டு' என்று செல்லுக்குச் செல் போகிற சேதியின் வாயை அந்த மருந்து அடைத்துவிடும். வலப்பக்கத்தைத் தொடுவதில்லை, ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும். சிறுநீரகம் மட்டும் பச்சையாக ஒளிர்கிற வகைத் தவளை இது. நேற்றுவரை இடப்பக்கம் கும்மிருட்டு. இன்று அங்கேயும் மினுங்கியது.

இந்தப் படம் சரியாக வந்தால்தான் கட்டுரை வெளியாகும். வராவிட்டால் மார்ச்சோடு வேலை போச்சு. ஜப்பானின் சென்டாய் நகரத்துக்கு வந்த நாளிலிருந்து மாடாய் உழைத்தவளிடம் பேராசிரியர் அதைத் தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார், பாவி மனுஷன்.

பக்கத்து மேசை இவாகிரி எட்டிப் பார்த்தார். கறுப்பு கோட்டு, கையில் வெள்ளைச் செவ்வந்தி. சோதனையில் செத்த உயிர்களுக்கு வருஷா வருஷம் முற்றத்தில் அஞ்சலி நடக்கும். அன்றைக்கு ஆய்வுக்கூடமே வேலையை நிறுத்திவிட்டு வரிசையில் நின்று தலை குனியும்.

"ஒரு பூ வச்சுட்டு வந்துடுங்க, அகுத்சு-சான். அதுங்க நம்மகிட்ட வேற என்ன கேக்குதுங்க?"

"மார்ச்ல என்னை வெளிய அனுப்புறப்ப எனக்கு யாரு பூ வைக்கப் போறாங்க? நீங்க போங்க."

அவர் போய்விட்டார். கறுப்புத் திரை தொங்கும் அந்தச் சின்ன அறையில் தவளைத் தொட்டிகளின் பாசி வாடையும் முற்றத்திலிருந்து கசிந்து வந்த ஊதுவத்தி வாசமும் ஒன்றாகக் கலந்து மூக்கில் ஏற, எங்கோ ஒரு குழாய் விட்டுவிட்டுச் சொட்டிக்கொண்டிருக்க, அவள் கரு கிடந்த அடுத்த கண்ணாடித் தட்டை எடுத்து வைத்தாள். அதிலும் இடப்பக்கம் ஒளிர்ந்தது. அதற்கடுத்ததிலும். ஊசியை மாற்றிப் போட்டுவிட்டேனா என்று யோசித்தாள். இல்லை, ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே போட்டிருந்தாள். யாரோ வேண்டுமென்றே தட்டுகளை மாற்றிவிட்டார்கள் என்று தோன்றியது.

உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். தலைப்பிரட்டையின் சிறுநீரகம் சுருண்ட குழாயாகத்தான் இருக்கும். வலப்பக்கம் அப்படித்தான் இருந்தது. இடப்பக்கத்தில் இருந்தது வேறு. அவரைவிதை மாதிரி நடுவில் குழிந்து, வழவழவென்று, ஒரு குழாய் கீழே தொங்க. மனுஷருக்குத்தான் அப்படி இருக்கும்.

அது வளர்ந்துகொண்டிருந்தது. அவள் பார்க்கப் பார்க்க.

இடது இடுப்பில் சில்லென்றது. காலையிலிருந்தே அங்கே ஏதோ மரத்துப்போன மாதிரிதான் இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தே கிடப்பதால் என்று விட்டுவிட்டாள். இப்போது சில்லிப்பு முதுகுக்குப் பரவியது.

நுண்ணோக்கியின் விளக்கை அணைத்தாள். அந்த ஒளி பட்டால்தான் பச்சை தெரியும். பச்சை அணையவில்லை.

முற்றத்தில் மணி ஒருமுறை அடித்து ஓய்ந்தது. எல்லாரும் தலை குனிகிற நேரம். குழாய்கூடச் சொட்டவில்லை.

இவாகிரியைக் கூப்பிட வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. இடுப்பில் கையை வைத்தாள்.

விரல்கள் அழுந்தின. வலி இல்லை. இன்னும் அழுத்தினாள். எதுவும் தடுக்கவில்லை. எலும்பு இல்லை. சதை இல்லை. சட்டைத் துணியோடு சேர்ந்து கை உள்ளே போனது. மணிக்கட்டுவரை.

எதிரே, இருட்டில், எல்லாத் தட்டுகளிலும் அந்தப் பச்சை துடித்தது. அவளுடைய நாடி துடிக்கும் கதியில்.